உம்மாவின் குரலுக்கு ஒரு டிபரன்சல்

16 ஜூன் 2025, திங்கள்

இன்று காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் "என்ன உம்மா?" என்று பதினொரு தடவை கேட்டேன். நாலாவது தடவையில்தான் எண்ணத் தொடங்கினேன். ஆகவே உண்மையில் பதினான்கு.

ஏப்ரலில் கழுத்துக் கட்டியை எடுத்த பிறகு உம்மாவின் குரல் முழுதாகத் திரும்பி வரவில்லை. குரல் நரம்பு களைத்துப்போயிருக்கிறதாம், சரியாகிவர ஒரு வருடமும் ஆகலாமாம். இப்போது அவர் பேசுவது தாள் புரட்டும் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வகுப்பில் சின்ன மைக் ஒன்றை மாட்டிக்கொண்டு சரித்திரம் படிப்பிக்கிறார். வீட்டில் பக்கத்தில் போய் நின்றால் கேட்கும். காரில்தான் கேட்காது. மைக்கைக் காரில் போட்டும் பார்த்தோம். கார் அதற்குள்ளும் புகுந்து ஊளையிட்டது.

கார் உம்மாவுடையது. மொறிஸ் மைனர், 1960. வாப்பா வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடுவார். நாவிதன்வெளியில் இருந்து கல்முனைப் பள்ளிக்கூடம் வரை இருபத்தைந்து நிமிடம், உம்மாவும் நானும் மட்டும். வகுப்பில் சொல்ல நேரமில்லாத சரித்திரத்தை எல்லாம் உம்மா அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் சொல்வார். முப்பது மைல் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கத்தில் ஊளை கிளம்பும். உம்மாவுக்குப் பெரிய குரல் இருந்த காலத்தில் அதை நாங்கள் கவனித்ததே இல்லை.

இன்று கிட்டங்கித் தாம்போதியில், இரு பக்கமும் நீர் நிற்கும் அந்த றோட்டில், தண்ணீரைக் காட்டி என்னவோ சொன்னார். மூன்று தரம் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு றோட்டைப் பார்த்தார். பள்ளிக்கூடம் வரும்வரை வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் வாப்பாவிடம் அவர் சொன்னதைக் குசினி வாசலில் நின்று கேட்டேன்.

"கண்டியில இருந்து ஒராள் கார விலைக்குக் கேட்டுக்கிட்டே இரிக்கார். ஜூலை பன்னெண்டு வரச் சொல்லிட்டன்."

"ஒங்கட கார், ஒங்கட விருப்பம்," என்றார் வாப்பா.

நான் உள்ளே போய், "ஏன் உம்மா?" என்று கேட்டேன்.

"கதைக்க ஏலாத காருக்குள்ள என்னகா இரிக்கி? ஓட்டோவில போவம்."

ஓட்டோவில் மட்டும் கதைக்க ஏலுமா? அதைக் கேட்கவில்லை. உம்மாவின் முகம் அப்படி இருந்தது.

17 ஜூன், செவ்வாய்

காரோடு வந்த திருத்த வேலைப் புத்தகம் அலுமாரியின் அடித்தட்டில் இருந்தது. எல்லாப் பக்கத்திலும் ஒயில் விரல்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் படித்தேன். சில இடங்களில் பரீட்சைக்குப் படிப்பதைவிட நன்றாக இருந்தது.

ஊளையிடுவது டிபரன்சல். பின் அச்சின் நடுவில் பந்து போல வீங்கி இருக்கிறதே, அதற்குள் இரண்டு பற்சில்லுகள். சின்னது பினியன், எஞ்சினின் சுழற்சியைக் கொண்டு வருவது. பெரியது கிறவுன், அதை வாங்கிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது. எங்கள் காரில் பினியனுக்கு ஒன்பது பல், கிறவுனுக்கு நாற்பத்தொன்று. முப்பத்தெட்டுப் பல் கிறவுன் உள்ள சோடியும் உண்டு. அதைப் போட்டால் அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றும், முன்பக்கச் சத்தமும் குறையும்.

அறுபத்தைந்து வருடம் ஒன்றை ஒன்று கடித்த பற்கள். தேயாமல் என்ன செய்யும்?

ஆகவே கேள்வி இதுதான்: சத்தம் போடாத பற்கள் எங்கே கிடைக்கும்? இன்னும் இருபத்தைந்து நாள்.

18 ஜூன், புதன்

உம்மாவிடம் பேரம் பேசினேன். பன்னிரண்டாம் திகதிக்குள் ஊளை போனால் கண்டிக்காரருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும்.

"ஓம்," என்றார். பிறகு, "போகாட்டி அழப்படாது."

அழமாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

20 ஜூன், வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மருதமுனைக்குப் போனோம், நிப்றாஸ் பாஸின் கராஜுக்கு. முக்கால்வாசி மோட்டார் சைக்கிள்தான் திருத்துவார். ஆனால் எங்கள் மொறிஸை வேறு யாரிடமும் விட உம்மாவுக்கு மனமில்லை. நான் கேள்விகள் எழுதிய கொப்பியைத் திறந்ததும் பாஸ் சிரித்தார்.

"டீச்சர், கொப்பியோட ஒரு இன்ஜினியரம்மாவக் கூட்டி வந்திரிக்கீங்க. நான் கதிரயில இரிக்கவா, நிக்கவா?"

"நில்லுங்க பாஸ், கேள்வி இரிக்கி," என்றேன்.

இங்கிலாந்தில் புதுச் சோடி செய்கிறார்கள், கப்பலில் வர மூன்று மாதம் செல்லும் என்றார். ஜப்பான் கார் ஒன்றின் முழுப் பின் அச்சையும் போடலாம், சத்தமே வராது, ஆனால் மொறிஸின் அடியை வெட்டி ஒட்ட வேண்டும். உம்மா கையால் "வேண்டாம்" என்று காட்டினார். வெட்டுவது என்ற சொல் இந்த வருடம் உம்மாவுக்குப் பிடிக்காது.

மூன்றாவது, பாஸின் மேசைக்கடியில் இருந்த தகரப் பெட்டி. உடைத்த இரண்டு மொறிஸ்களின் பற்சில்லுகள், இரண்டும் முப்பத்தெட்டுக்கு ஒன்பது. இரண்டு தரம் எண்ணினேன்.

21 ஜூன், சனி

மிக நல்ல நாள். ஒரு சோடியில் கிறவுன் பள்ளம் விழுந்திருந்தது, மற்றதில் பினியன் உடைந்திருந்தது. அதிலிருந்து நல்ல கிறவுன், இதிலிருந்து நல்ல பினியன் என்று பாஸும் நானும் மாம்பழம் பொறுக்குவது போலப் பொறுக்கி எடுத்தோம். மண்ணெண்ணெயில் கழுவியதும் இரண்டும் நகைக்கடைச் சாமான் மாதிரி மின்னின.

"இனிக் கார் ஓடுறது ஒங்கட காதுக்கே தெரியாது," என்றார் பாஸ்.

நாளைக்குப் பூட்டி முடிப்பார்.

22 ஜூன், ஞாயிறு

முன்பு ஊளையிட்டது. இப்போது ஒப்பாரி வைக்கிறது.

24 ஜூன், செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். புத்தகத்தில் சின்ன எழுத்தில், படத்துக்குக் கீழே: கிறவுனையும் பினியனையும் செய்யும்போதே ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்துகிறார்கள். பிறகு இரண்டிலும் ஒரே இலக்கத்தைப் பொறிக்கிறார்கள். அந்தச் சோடியைப் பிரிக்கக் கூடாது. நல்லதும் நல்லதும் சேர்ந்தால் நல்லது என்றுதானே நினைத்தோம்? அவை ஒன்றை ஒன்று ஒருநாளும் கண்டதே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் உம்மாவை மருதமுனைக்குத் திருப்பினேன். பாஸ் எல்லாவற்றையும் கழற்றினார். டோர்ச் அடித்துப் பார்த்தால் கிறவுனில் 27, பினியனில் 61. பாஸ் விரலால் தடவிப் பார்த்தார்.

"இத நான் இலக்கமெண்டு நினைக்கல்ல புள்ள. கீறலெண்டு நினைச்சன்."

"நானும்தான் பாஸ் பொறுக்கினன்."

"ஓம், அது சரி. பாதிப் பிழை ஒனக்கு." அப்படிச் சொன்ன பிறகு அவருக்கு முகம் தெளிந்தது. எங்கள் பழைய சோடியையே திரும்பப் பூட்டினார். பழைய ஊளை. வீட்டுக்கு வரும்போது அது கொஞ்சம் இனிமையாகக்கூடக் கேட்டது, பொய் சொல்லவில்லை.

30 ஜூன், திங்கள்

பாஸ் ஒரே இலக்கச் சோடி தேடி அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் விசாரித்தார். இல்லை.

உம்மா இப்போது காரில் ஒன்றுமே சொல்வதில்லை. நான் "என்ன?" என்று கேட்காமல் இருப்பதற்காக அவர் சொல்லாமல் இருக்கிறார். இது பதினான்கு "என்ன"வைவிட மோசம்.

2 ஜூலை, புதன்

ஆங்கில வகுப்பில் பக்கத்தில் இருக்கும் தர்மிகாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். படம் கீறிக் காட்டினேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் பந்து எங்கட மாமாட்ட இரிக்கு," என்றாள்.

"எந்தப் பந்து?"

"விநாயகபுரத்துக் கடக்கரையில. தோணி இழுக்கிற மெசின்ல. மொறிஸ் அச்செண்டுதான் அவரும் சொல்லுவார்."

வகுப்பின் மிச்சம் எனக்குக் கேட்கவில்லை. ஆங்கிலம் படிப்பிக்கும் சேர் கேட்ட கேள்விக்கு "முப்பத்தெட்டு" என்று பதில் சொன்னேனாம்.

5 ஜூலை, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும். பேனை ஓடிவிடப் பார்க்கிறது.

உம்மா, நான், தர்மிகா மூவரும் காரில். பாஸ் மோட்டார் சைக்கிளில் பின்னால். திருக்கோயிலைத் தாண்டி விநாயகபுரம். தர்மிகாவின் மாமா தங்கத்துரை கடற்கரையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். மெசின் என்பது தென்னங்குற்றிச் சட்டத்தில் பூட்டிய ஒரு பின் அச்சு. தண்ணீர் இறைக்கும் எஞ்சின் ஒன்று பெல்ற் போட்டு அதைச் சுழற்றும். அச்சின் ஒரு முனை அசையாமல் ஒட்டப்பட்டிருந்தது, மறு முனையில் கயிறு சுற்றும் உருளை.

"பதினாறு வருசமாத் தோணியையும் வலயையும் இதுதான் கரைக்கு எடுக்கிது," என்றார். "சத்தம் கேளுங்க." எஞ்சினைப் போட்டார்.

ஊளை. எங்கள் காரின் ஊளையேதான், இன்னும் பெரிதாக.

பாஸ் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "வா புள்ள, போவம். இது நம்மடயதவிட மோசம்."

ஆனால் வந்த தூரத்துக்காவது உள்ளே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பந்தின் பின்பக்கம் துருவில் போய், தங்கத்துரை மாமா அதை வெட்டிவிட்டு ஒரு தகரத்தைப் போட்டு மூடியிருந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டுத் தகரத்தைக் கழற்றித் தந்தார். முதலில் இலக்கம் பார்த்தேன். கிறவுனில் 113. பினியனில் 113. பிரியாத சோடி. பிறகு பல் எண்ணினேன். முப்பத்தெட்டு.

பிறகுதான் அதைக் கண்டேன். ஒவ்வொரு பல்லின் ஒரு முகம் மட்டும் கண்ணாடி போலத் தேய்ந்து மின்னியது. மறு முகத்தில், வெட்டிய காலத்து மெல்லிய கோடுகள்கூட அழியவில்லை.

எங்கள் காரில் பினியன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கொப்பியில் அம்புக்குறி போட்டு வைத்திருந்தேன். மெசினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னேன். அம்புக்கு எதிர்ப்பக்கம். மறுபடியும் சுற்றச் சொன்னேன். எதிர்ப்பக்கம்தான்.

"பாஸ், இது பதினாறு வருசமா ரிவர்ஸ்ல போய்க்கிட்டு இரிக்கி."

பாஸ் ஹெல்மெட்டை மணலில் வைத்தார். "அப்ப முன்னுக்குப் போற முகம்…"

"தேயவே இல்ல."

"இதுக்கு முந்திக் காருல ஓடியிரிக்குமே?" என்று தங்கத்துரை மாமாவைக் கேட்டார் பாஸ்.

"ஓடினதெண்டு சொல்ல ஏலா. திருக்கோயில்ல ஒரு டொக்டர் ஐயாட கார். அவர் ஓடினதவிடத் துடைச்சதுதான் கூட. சுனாமியில கவிண்டு, பிறகு அச்சு மட்டும் எனக்கு வந்தது."

அவருக்கும் மெசின் வேண்டுமே, அதை எப்படிக் கேட்பது? யோசித்துக்கொண்டிருக்கும்போதே மண்டைக்குள் மற்றப் பாதியும் விழுந்தது. எங்களுடையது முன்னுக்குப் போய்த் தேய்ந்தது. அதன் ரிவர்ஸ் முகத்தில் வேலையே நடக்கவில்லை. ஒரு கார் ஒரு நாளில் எத்தனை அடி பின்னுக்குப் போகும்? அதை மெசினில் போட்டால் மெசினுக்கும் அது புதுசு.

உம்மா என்னவோ சொன்னார். அலைச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் கைப்பையைத் திறந்து சோக்குக் கட்டியை எடுத்து என் கையில் வைத்தார். தோணியின் கறுத்த பக்கத்தில் இரண்டு பெரிய பற்களைக் கீறி, எங்களுடையதில் தேய்ந்த முகம் எது, அவருடையதில் எது என்று காட்டினேன். தங்கத்துரை மாமா கிட்ட வந்து பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார்.

"அப்ப என்ர பழசு உங்களுக்குப் புதுசு. உங்கட பழசு எனக்குப் புதுசு."

"ஓம் மாமா. ஒங்களுக்குப் பல்லு கூடின சோடி வரும். தோணி கொஞ்சம் மெதுவா வரும், ஆனா இழுவை கூடும்."

அவர் மனைவி குஞ்சம்மா மாமி தேத்தண்ணி கொண்டு வந்தவர், அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ரீச்சர், எங்கட மனுசனும் பதினாறு வருசமாப் பின்னுக்குத்தான் போறார். அவரயும் மாத்தித் தருவீங்களோ?"

உம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாகக் கொஞ்சம் சத்தம் இருந்தது.

வியாழக்கிழமை வரச் சொன்னார் மாமா. பௌர்ணமி, நிலவுக்கு மீன் படாது, தோணி இறக்க மாட்டார்களாம். எங்களுக்கும் லீவு. அதற்கு இரண்டு நாள் கழித்துக் கண்டிக்காரர்.

8 ஜூலை, செவ்வாய்

ஒரு பயம். தேயாத முகம் என்றாலும் கடற்காற்று. துரு உள்ளே போயிருக்குமா? ஒயிலுக்குள் இருந்ததுதானே. ஆனால் அந்தத் தகர மூடி?

தொழுதுவிட்டுத் துஆ கேட்டேன். பற்சில்லுக்குத் துஆ கேட்கலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். "குரலுக்குக் கேளு, பல்லு தானா வரும்," என்றார். அடுப்படியில் என்பதால் முதல் தடவையிலேயே கேட்டது.

10 ஜூலை, வியாழன்

காலை எட்டு மணிக்குக் காரைப் பனை மரங்களுக்கு அருகில் இறுகிய மண்ணில் நிறுத்தி, பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டையில் வைத்தார் பாஸ். அச்சுக் கம்பிகளை இழுத்துவிட்டு, சுற்றியிருந்த நட்டுகளைக் கழற்றியதும் பற்சில்லுகள் பூட்டிய பெட்டி முழுதாக முன்பக்கம் வந்துவிட்டது. மெசினிலிருந்தும் அப்படியே எடுத்தார். "சோடியைப் பிரிக்க மாட்டன், கட்டிலோட தூக்கிறன், பாத்துக்க," என்றார் என்னிடம்.

துரு இல்லை. பழைய ஒயில் தேன் மாதிரித் தடித்து எல்லாவற்றையும் காப்பாற்றியிருந்தது.

பூட்டுவதற்கு முன் பாஸ் ஒரு சோதனை செய்தார். பற்களில் நிறம் பூசிச் சுற்றி, ஒன்று மற்றதில் எங்கே படுகிறது என்று பார்ப்பது. பூசுகிற சாமானைக் கராஜில் விட்டுவிட்டு வந்துவிட்டார். குஞ்சம்மா மாமி மஞ்சள் தூள் தந்தார். கிறீஸில் குழைத்துப் பூசினோம். மஞ்சள் அடையாளம் பல்லின் நடுவில், நகம் அளவில், சுத்தமாக விழுந்தது.

"ஏ அப்பா," என்றார் பாஸ், மெல்லமாக.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. முதலில் மெசின். எங்கள் பெட்டி அங்கே தண்ணீர் எஞ்சினின் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தது. தங்கத்துரை மாமா காதைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "வேலை செய்யுதோ?" என்று கேட்டார். கயிறு வந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு நாங்கள். உம்மா ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். இருபது. இருபத்தைந்து. முப்பது. ஊளை கிளம்பும் இடம் இதுதான். முப்பத்தைந்து. காற்றுச் சத்தம் கேட்டது. இத்தனை வருடமாக இந்தக் காரில் காற்றுச் சத்தம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

அப்போது முன்னால் ஒரு மாடு. உம்மா அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தார்.

ஊளை.

மாடு விலகியது, உம்மா மறுபடி மிதித்தார், சத்தம் அறுந்தது. எடுத்தார், ஊளை. மிதித்தார், இல்லை. ஓம் — கால் எடுத்தால் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது, அப்போது பல்லின் மற்ற முகம் வேலை செய்கிறது. மெசின் தேய்த்த முகம். இதை நான் யோசித்திருக்க வேண்டும். தோணியில் அவ்வளவு அழகாகக் கீறினேனே, எப்படி யோசிக்காமல் போனேன்? பாதிதான் வென்றிருக்கிறோம். பேரத்தில் சொன்னது ஊளை போக வேண்டும் என்று. பாதி போனால் போனதா?

கண் கலங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மூக்கில மஞ்சள் இரிக்கி," என்றார் உம்மா.

துடைத்தேன். அதன் பிறகுதான் விளங்கியது. முப்பத்தைந்து மைல் வேகத்தில், என் பக்கம் திரும்பாமல் சொன்னார். நான் "என்ன?" என்று கேட்கவில்லை.

அதை அவரும் கவனித்திருக்க வேண்டும். தம்பிலுவில் தாண்டும்வரை காலை எடுக்கவே இல்லை.

12 ஜூலை, சனி

கண்டிக்காரர் பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

உம்மா வாசற்படியில் நின்று என்னவோ சொன்னார்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அவர். இடையில் மூன்று அடிதான் இருக்கும்.

உம்மா என்னைப் பார்த்தார். எனக்குக் கேட்டிருந்தது. அவரிடம் சொன்னேன்: "மன்னிச்சிக்கங்க தம்பி, கார் குடுக்கிறதா இல்ல, இதுக்குள்ள எனக்குக் கதைக்க வேண்டியிரிக்கி எண்டு சொல்றாங்க."

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். வாப்பா வாசல் படலை வரை கூடப் போய்விட்டு வந்து, "வந்த மனுசனுக்கு ஒரு மூட நெல்லாவது குடுத்திரிக்கலாம்," என்றார்.

16 ஜூலை, புதன்

தர்மிகா சொன்னாள்: முன்பெல்லாம் மெசினின் ஊளையைக் கேட்டுத்தான் ஊர்ச் சனம் தோணி இழுக்கக் கடற்கரைக்கு வருமாம். இப்போது ஒருவருக்கும் கேட்பதில்லை. குஞ்சம்மா மாமி ஒவ்வொரு வேலியாகப் போய்க் கூப்பிட வேண்டியிருக்கிறது. மெசினுக்கு ஒரு மணி கட்டப் போகிறார்களாம்.

21 ஜூலை, திங்கள்

இன்று அரசர் ஒருவரின் குளமும் அதைக் கட்டியவர்களின் சம்பளச் சண்டையும். முப்பத்தைந்தில் போய்க்கொண்டு, தாள் புரட்டும் குரலில், வீட்டுப் படலையிலிருந்து தாம்போதி வரை. நான் ஒரு தடவையும் "என்ன?" என்று கேட்கவில்லை.

தாம்போதி தொடங்கும் இடத்தில் கதையை நிறுத்தினார். "இண்டைக்கு நிறையக் கொக்கு," என்றார் தண்ணீரைக் காட்டி.

"போன மாசம் இதையா உம்மா சொன்னீங்க?"

"ஓம். பெரிசா ஒண்டும் இல்ல."

"சரி, இனிக் கதைக்கிறது உன்ட முறை," என்று உம்மா அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தார். கார் ஊளையிட்டது. எனக்கு நல்ல குரல் இருக்கிறது. அதற்கு மேலால் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன்.